களிமண் காய்கறித் தோட்டத்துக்கு மணல் வேண்டாம், மக்கு உரம் வேண்டும்: ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
மகளிர் சுய உதவிக் குழுவினர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்,
திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவாரூர்.

பொருள்: ஊராட்சி நிலத்தில் உள்ள காய்கறித் தோட்டத்தின் களிமண்ணைச் சீர்திருத்த மக்கு உரம், தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரப் பயிர்) விதை, மண் பரிசோதனை, வடிகால் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊராட்சிக்குச் சொந்தமான 30 சென்ட் நிலத்தில் கத்தரி, வெண்டை, கொத்தவரை, கீரை பயிரிட்டு வருகிறோம். அக்கம்பக்கத்து வயல்களைப் போலவே இதுவும் கெட்டிக் களி. தண்ணீர் தேங்கி நிற்பது நெல்லுக்குச் சரி, கத்தரிக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தியில் நிற்கும் தண்ணீர் நாள்கணக்கில் வடிவதில்லை. வாடிய செடியைப் பிடுங்கினால் வேர் கறுத்து வழுவழுவென்று கையோடு வருகிறது. சித்திரையில் அதே மண் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் கை நுழைகிறது. அப்போது மண்வெட்டி இறங்காது.

இதற்குத் தீர்வாக மணல் கலக்கலாம் என்று சொல்லி, முன்பு ஓர் ஒப்பந்தக்காரர் மேற்குப் பக்கம் மணல் அடித்துக் கலந்துவிட்டுப் போனார். மழைக்குப் பிறகு காய்ந்ததும் அந்தப் பக்கம் சிமெண்ட் தளம்போல இறுகிவிட்டது. களியின் தன்மை மாற வேண்டுமானால் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி மணல் சேர்க்க வேண்டும். அவ்வளவு மணலுக்கு எங்கே போவது? கொஞ்சமாகச் சேர்த்தால் களி மணலின் இடுக்குகளில் புகுந்து இன்னும் கெட்டிப்படும். குளத்து வண்டலும் அப்படித்தான். மணற்பாங்கான நிலத்துக்கு அது வரம், ஆனால் எங்கள் பகுதிக் குளத்தில் கிடைக்கும் வண்டலே களிதான். ஆகவே மணலோ வண்டலோ எங்களுக்கு ஒதுக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் மண்ணுக்குத் தேவை மக்கு உரம். மக்கிய உரம் சேரச் சேரக் களித்துகள்கள் சிறு சிறு கட்டிகளாகத் திரளும். இடையில் காற்றும் நீரும் போகும், மண்புழு வரும். காய்கறிக்கு எக்டேருக்கு 25 டன் தொழு உரம் என்பது வேளாண் பரிந்துரை. அந்தக் கணக்கில் எங்கள் நிலத்துக்கு 3 டன் ஆகிறது. மண் இருக்கும் நிலையில் முதல் வருடம் அதைப்போல் இரண்டு பங்கு வேண்டும். உள்ளாட்சி உரக்கூடங்களில் மக்கும் குப்பையிலிருந்து தயாராகும் உரத்தைச் சலித்து, கண்ணாடி, பிளாஸ்டிக் இல்லாமல் 6 டன் வழங்க உத்தரவிட வேண்டுகிறோம். அது போதாவிட்டால் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக் கயிற்று ஆலைகளின் தென்னை நார்க்கழிவும் உதவும். ஆனால் அது மக்க வைத்ததாக இருக்க வேண்டும். பச்சையாகப் போட்டால் மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) அதுவே இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகிவிடும்.

தமிழக அரசின் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் மானியத்தில் தரப்படும் பசுந்தாள் உர விதையை, அதாவது வளர்த்து அப்படியே மண்ணில் உழுதுவிடும் பயிரின் விதையை, எங்களுக்கும் தர வேண்டும். எங்கள் நிலத்துக்குத் தக்கைப்பூண்டுதான் பொருந்தும். இன்னொரு பசுந்தாள் பயிரான சணப்பை தேங்கும் தண்ணீரைத் தாங்காது. சித்திரையில் ஊராட்சி ஆழ்துளைக் கிணற்று நீரில் விதைத்தால் 45 நாளில், பூக்கும் தருணத்தில், மடக்கி உழுதுவிடலாம். அது மக்கி முடிய ஆடிப்பட்டமும் வந்துவிடும்.

ஜிப்சம் போடச் சொல்லிப் பலர் யோசனை சொல்கிறார்கள். மண் சோடியம் மிகுந்த களராக இருந்தால்தான் அது பலன் தரும், இல்லாவிட்டால் வீண் செலவு. எனவே நடமாடும் மண் பரிசோதனை நிலையத்தை ஒரு நாள் எங்கள் ஊருக்கு அனுப்பி, மண் வள அட்டை கிடைத்த பிறகு அதை முடிவு செய்ய வழி செய்யுங்கள்.

ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுவதை நாங்களே செய்துகொள்வோம். மண் கையில் ஒட்டாமலும் கட்டி உடையும்படியும் இருக்கும் பதத்தில்தான் களியைக் கொத்த முடியும். அந்தப் பதம் சில நாள்தான் நிற்கும் என்பதால் வேலையை எங்கள் பொறுப்பிலேயே விட்டுவிடுங்கள். தோட்டத்தின் கிழக்கு ஓரத்திலிருந்து வாய்க்கால் வரை ஒரு வடிகால் மட்டும் ஊரக வேலைத் திட்டத்தில் வெட்டித்தர ஆணையிட வேண்டும். வடிகால் இல்லாமல் எவ்வளவு உரம் கொட்டினாலும் கார்த்திகை மழையில் பயிர் நிற்காது.

விதையும் மண் பரிசோதனையும் சித்திரை பிறப்பதற்குள் கிடைத்தால்தான் இந்த ஆண்டு ஆடிப்பட்டத்தைப் பிடிக்க முடியும். ஆகவே விரைந்து ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம். மணல் கலந்த பகுதி, கலக்காத பகுதி இரண்டின் புகைப்படங்களையும் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
குழுத் தலைவி, செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இடம்: திருத்துறைப்பூண்டி வட்டம்
நாள்: