எட்டாம் வகுப்பு ஓவியக் கண்காட்சி: பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். எட்டாம் வகுப்பு மாணவர்கள் இந்தப் பருவத்தில் வரலாற்றையும் ஓவியத்தையும் சேர்த்துப் படித்துவரும் ஒரு பாடத்தைப் பற்றித் தெரிவிக்கவும், அதற்கு உங்கள் ஒத்துழைப்பைக் கேட்கவும் இதனை எழுதுகிறேன்.

பால்தசார் சோல்வின்ஸ் என்னும் ஓவியரைப் பற்றியது அந்தப் பாடம். இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆண்ட்வெர்ப் நகரில் 1760இல் பிறந்த அவர் 1791இல் கல்கத்தாவுக்கு வந்தார். கோச்சு வண்டிகளுக்கும் பல்லக்குகளுக்கும் வண்ணம் தீட்டிப் பிழைத்துக்கொண்டே, நெசவாளர், குயவர், மீனவர், பல்லக்குத் தூக்குவோர், துரைமார் வீடுகளில் உக்கா என்னும் புகைபிடிக்கும் கருவியை ஏந்தி நின்ற பணியாளர் என்று அந்த வட்டாரத்தின் உழைக்கும் மக்களை வரைந்தார். அவற்றைச் செப்புத் தகட்டில் தாமே கீறி, 250 படங்கள் கொண்ட தொகுப்பாக அங்கேயே வெளியிட்டார். மங்கலான அவருடைய வண்ணங்கள் கல்கத்தா ஐரோப்பியரைக் கவரவில்லை. தொகுப்பு நட்டத்தில் முடிந்தது. பின்னர்ப் பாரிசில் 1808 முதல் 1812 வரை 288 படங்களுடன் நான்கு தொகுதிகளாக அச்சிட்டதும் அவருக்குப் பொருள் ஈட்டித் தரவில்லை.

அவருடைய இசைக்கருவிப் படங்கள் 36. தம்பூராவையும் சிதாரையும் வங்காளத்தில் ‘கோல்’ (khol) எனப்படும் மேளத்தையும் வாசிப்பவருடன் சேர்த்தே அவர் வரைந்திருப்பதை மாணவர்கள் நெடுநேரம் பார்த்தார்கள். கல்கத்தாவை ஒட்டி ஓடும் ஹூக்ளி ஆற்றின் படகுகளுக்கும் அதே கவனத்தைக் கொடுத்திருக்கிறார். உடன்கட்டை ஏறுதலைக் காட்டும் படங்களும் தொகுப்பில் உண்டு. அவற்றை இந்த வயதினருக்குக் காட்ட வேண்டாம் என்று முடிவு செய்துள்ளோம்.

இத்தனை பரிவோடு வரைந்தவரும் மனிதர்களைச் சாதி வாரியாகவே அடுக்கினார். படங்களின் தலைப்பில் சாதியோ தொழிலோ இருக்கிறது, எதிரே நின்றவரின் பெயர் இல்லை. ஒரு மாணவி, "இவர் பெயர் என்ன, ஐயா?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியே எங்கள் கண்காட்சிக்கு அடிப்படையாயிற்று.

ஒவ்வொரு மாணவரும் தம் தெருவில் உழைக்கும் ஒருவரை, அவருடைய இசைவு பெற்று, நேரில் அமர்ந்து வரைய வேண்டும். கைப்பேசியில் படமெடுத்துப் பார்த்து வரைவதை ஏற்கமாட்டோம். இசைவு தந்தால் அவர் பெயரையும், எத்தனை ஆண்டுகளாக அத்தொழில் செய்கிறார் என்பதையும் படத்தின் கீழ் எழுத வேண்டும்; சாதியைக் கேட்கவோ எழுதவோ கூடாது. பிள்ளைகளுடன் நீங்களோ வீட்டுப் பெரியவர் ஒருவரோ உடன் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். படங்களை வரும் வெள்ளிக்கிழமைக்குள் ஓவிய ஆசிரியரிடம் சேர்ப்பிக்கவும். வரையப்பட்டவர்களையும் கண்காட்சிக்கு அழைக்க விரும்புகிறோம். அழைப்பிதழைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்