கத்தரிக்கோலுக்கு முன் ஒரு பக்க வாசிப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீலகிரியின் அங்கன்வாடிகளிலும் தொடக்கப் பள்ளிகளிலும் கடல்வாழ் உயிரினங்களைக் கைவினை வழியாக அறிமுகப்படுத்துவது நல்ல முயற்சி. ஆனால், அச்சிட்ட படத்துக்கு வண்ணம் தீட்டிச் சுவரில் ஒட்டுவதோடு அது பல இடங்களில் நின்றுவிடுகிறது. கடலையே பார்த்திராத மலைப் பிள்ளைகளுக்குக் கத்தரிக்கோலைக் கொடுக்கும் முன், அந்த உயிரினத்தைப் பற்றி ஒரு பக்கமாவது வாசித்துக் காட்ட வேண்டும்.

மீனின் வால் துடுப்பு செங்குத்தாக நின்று பக்கவாட்டில் அசையும். திமிங்கிலத்தின் வாலோ படுக்கைவாட்டில் அமைந்து மேலும் கீழுமாக அசையும். இதைக் கேட்டுவிட்டுக் களிமண்ணில் இரண்டையும் அருகருகே பிடித்து வைக்கும் குழந்தைக்கு, திமிங்கிலம் மீனல்ல, நுரையீரலால் மூச்சுவிட்டுக் குட்டிக்குப் பாலூட்டும் விலங்கு என்பதைத் தனியே மனப்பாடம் செய்விக்க வேண்டியதில்லை. சந்தையில் வாங்கிய ஒரு மத்தி மீனின் செவுளைத் தூக்கிக் காட்டினால் வேறுபாடு இன்னும் தெளிவாகும் (வகுப்பறையில் வாடை அடிக்கும் என்பார்கள்; சன்னலைத் திறந்து வைத்தால் போயிற்று). ஆண் கடற்குதிரைதான் முட்டைகளைத் தன் வயிற்றுப் பையில் சுமக்கிறது என்று வாசித்த பின், காகிதக் கடற்குதிரைக்குச் சிறு உறை ஒன்றை ஒட்டிக் கடுகைப் போட்டு வைக்கலாம்.

கடைகளில் கிடைக்கும் படத்தாள்களில் பெங்குவினும் துருவக் கரடியுமே நிறைந்திருக்கின்றன. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. கடற்புல்லை மேயும் கடற்பசுவுக்காகப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு 2022-இல் பாதுகாப்பகமாக அறிவித்தது. முதலில் இவற்றைச் சொல்லலாமே!

பொருள்களுக்குப் பழைய செய்தித்தாளும் மைதாப் பசையும் போதும். நெகிழிக்குத் தடையுள்ள மாவட்டத்தில் தெர்மாகோலும் மினுமினுப்புத் தூளும் எதற்கு? குன்னூர் ஆற்றில் விழும் குப்பை பவானி, காவிரி வழியாகக் கடலையே சென்று சேரும். மிதக்கும் நெகிழிப் பையைச் சொறிமீன் என்று எண்ணி ஆமைகள் விழுங்குவதையும் அதே வகுப்பில் சொல்லிவிடலாம்.

இதற்குப் புதிய பாடவேளை தேவையில்லை. மாவட்ட நூலகத் துறை, கிளை நூலகங்களில் கடல் பற்றிய சிறுவர் நூல்களைத் தனி அடுக்கில் வைத்து, சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் வாசிப்பும் கைவினையும் நடத்த முன்வர வேண்டும். தொலைவிலுள்ள ஊர்களுக்குப் பேருந்து பிடிக்க வேண்டிய பிள்ளைகளும் இருப்பதால், அதைக் காலையிலேயே வைப்பது நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
கோத்தகிரி.