மதிப்பீட்டில் சூழலியலுக்கும் இடம் வேண்டும்

குளச் சீரமைப்புப் பணிகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நாங்குநேரி வட்டாரக் குளம் ஒன்றில் பங்குனியில் நடந்த சீரமைப்பு வேலை தங்களுக்குத் தெரியும். சீமைக்கருவேலத்தை அகற்றுகிறோம் என்று நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்துப் பிடுங்கிப் போட்டார்கள். கூடுகளில் குஞ்சுகள் இருந்தன. சங்குவளை நாரையின் முட்டை பொரிக்க ஏறக்குறைய 30 நாள், குஞ்சு பறக்க மேலும் 60 நாள் ஆகும். தை கடைசியில் இட்ட முட்டைக்குச் சித்திரை முடியும்வரை அந்த மரம் வேண்டும். இந்தக் கணக்கு வேலை உத்தரவில் இல்லை, ஏனென்றால் அதைத் தயாரித்தபோது யாரும் கேட்கவில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். எந்தக் குளத்திலும் இயந்திரம் இறங்கும் முன் ஓராண்டுச் சூழலியல் ஆய்வு நடக்க வேண்டும், அதன் முடிவு திட்ட மதிப்பீட்டோடு இணைக்கப்பட வேண்டும்.

மரக்கன்று நடுவதும் நெகிழி பொறுக்குவதும் நல்ல காரியங்கள். அவற்றைச் செய்தாலே சூழலியல் ஆகிவிட்டது என்று கூட்டங்களில் பேசப்படுவதுதான் சிக்கல். சூழலியல் என்பது எந்த உயிர் எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்று அளந்து சொல்லும் அறிவியல். 1935-இல் பிரிட்டிஷ் சூழலியலாளர் டான்ஸ்லி, உயிர்களையும் அவை வாழும் மண், நீர், தட்பவெப்பத்தையும் ஒரே அமைப்பாக வைத்து ஆராய வேண்டும் என்றார். எதைக் காப்பது என்பதை அரசும் மக்களும் முடிவு செய்யட்டும். இதைச் செய்தால் எது போகும் என்று முன்கூட்டிச் சொல்ல அளவுகள் வேண்டும்.

தூர்வாருவதையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் குளங்கள் கரையோரம் ஆழமாகவும், கரைக்கு எதிரே தண்ணீர் வந்து சேரும் உள்வாய்ப் பக்கம் போகப்போக மேடாகவும் இருக்கும். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு என்றால், 25 சென்டிமீட்டர் வரை ஆழமுள்ள தண்ணீர் 25 மீட்டர் அகலத்துக்குப் பரந்து நிற்கும். கோரை முளைப்பதும், மீன்குஞ்சு ஒதுங்குவதும், நாரை கால் ஊன்றி இரை தேடுவதும் அந்த அகலத்தில்தான். தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் புதிதாக ஒரு மீட்டர் சேறு வெளிப்படும். சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைக்கு அன்றைய தீனி அங்கேதான். அதே ஓரத்தை ஒரு மீட்டர் ஆழத்துக்கு இரண்டு மீட்டர் அகலம் என்று சரித்து வெட்டினால், 25 சென்டிமீட்டர் ஆழம் அரை மீட்டரில் முடிந்துவிடும். குளம் நிறைந்து தளும்பும், புகைப்படத்தில் அழகாகவும் இருக்கும். நாரைக்கு நிற்க இடம் இருக்காது.

வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடையின் அடிமட்டத்துக்கு, அதாவது மடைமட்டத்துக்குக் கீழே தோண்டும் பள்ளம் இன்னொரு கேடு. அந்தத் தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் பாயாது. அடியிலுள்ள களிமண் படுகை கிழிந்தால் நீர் கசிந்து கீழே இறங்கும். கோடையில் குளம் வற்றும்போது வெளிநாட்டு மீன்களான ஜிலேபிக் கெண்டையும் தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் பெருமளவு அழிந்துபோகும். பள்ளத்தில் ஆண்டு முழுக்கத் தண்ணீர் நின்றால் அவை தப்பிப் பிழைத்து, அடுத்த மழையில் நாட்டு மீன்களின் குஞ்சுகளைத் தின்று பெருகும். குளம் வற்றிக் காய்வது குறையல்ல. காய்ந்த வண்டலில் மக்கிய சத்துதான் புதுத்தண்ணீர் வந்ததும் நுண்ணுயிர்களுக்கும் மீன்குஞ்சுகளுக்கும் உணவாகிறது.

ஆய்வுக்குப் பெரிய செலவில்லை. கரையிலிருந்து உள்வாய் வரை சில நேர்கோடுகள் போட்டு, பத்து மீட்டருக்கு ஒருமுறை அளவு குறித்த மூங்கிலால் ஆழம் பார்க்க வேண்டும். அதே கோடுகளில் ஒரு மீட்டர் சதுரம் வைத்துச் செடிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கூடுள்ள மரங்களுக்கு எண் போட வேண்டும். நீரில் கரைந்த ஆக்சிஜனை விடியுமுன் அளக்க வேண்டும். நண்பகலில் அளந்தால் பாசி வெளியிடும் ஆக்சிஜனால் கெட்ட குளமும் நல்ல குளமாகத் தெரியும். இவற்றை மழைக்கு முன், குளம் பெருகியபின், வலசைப் பறவைகள் இருக்கும் தை மாசியில், கோடையில் என நான்கு முறை செய்ய வேண்டும். தை மாதம் ஒரு காலை போய்ப் பறவை எண்ணிவிட்டு ‘பல்லுயிர் அறிக்கை’ என்று தலைப்பிடுவது ஆய்வாகாது. முக்கியமாக, கைவைக்காத பக்கத்துக் குளம் ஒன்றையும் கூடவே அளக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆண்டு பறவை குறைந்தது வேலையாலா, மழை பொய்த்ததாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

இதே வட்டாரத்துக் கூந்தன்குளம் 1994-இல் பறவைகள் சரணாலயமானது, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக 2022-இல் அறிவிக்கப்பட்டது. அங்கே கூடு கட்டும் பறவைகள் சுற்றுவட்டாரக் குளங்களிலும் வயல்களிலும் போய்த்தான் குஞ்சுகளுக்கு இரை கொண்டுவருகின்றன. சரணாலயத்துக்குப் பலகை வைத்துவிட்டு அந்தக் குளங்களைத் தொட்டி போல வெட்டினால் பறவைகள் எங்கே போகும்?

குளத்தோடு இது நிற்கவில்லை. தரிசு என்று ஏட்டில் எழுதிய புல்வெளியிலெல்லாம் குழி தோண்டிக் கன்று வைக்கிறீர்கள். வல்லநாட்டுச் சரணாலயத்து வெளிமான்கள் திறந்த புதர்நிலத்தில் வாழ்பவை. நிழல் அடர்ந்தால் அவற்றுக்குப் புல் இல்லை. எங்கே மரம் வேண்டாம் என்று சொல்லவும் ஒரு படிப்பு இருக்கிறது, அதைப் படித்த பிள்ளைகள் இதே மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களை ஏன் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை?

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம். தூர்வாரவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். கரையோரத்து வண்டலை மடைமட்டம் வரை எடுங்கள், உள்வாய்ச் சரிவைத் தொடாதீர்கள், கூடுள்ள மரங்களைக் குஞ்சுகள் பறக்கும்வரை விட்டுவையுங்கள். அடுத்து எடுக்கவிருக்கும் குளங்களின் பட்டியலை இந்த ஆடிக்குள் வெளியிட்டால், மழைக்கு முந்தைய முதல் அளவீட்டை நாங்களே உடனிருந்து செய்து தருகிறோம். மதிப்பீடு தயாராகும் முன் ஓராண்டு ஆய்வுக்கு உத்தரவிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நெல்லைச் சீமைக் குளங்களில் கணக்கெடுக்கும் சூழலியல் மாணவர்களும் ஆசிரியர்களும்