பொம்மை வேண்டாம் என்று சொன்னவன் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோயில் கொடைத் திருவிழா நெருங்குகிறது, ஊர் ஊராகச் சிமெண்டுச் சிலைக்கு வரி பிரிக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் சுடலைமாடனுக்கு முன்பெல்லாம் சுண்ணாம்பு அடித்த பீடம் மட்டும்தான். சில வருஷங்களுக்கு முன் 12 அடியில் சிலை வைத்தோம், கமிட்டியில் நானும் ஒருவன். வேலைக்கு வந்தவர், முதலில் ஒரு அடி உயரத்தில் களிமண்ணில் செய்து காட்டுகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். அதற்குத் தனிக் கூலியா, கொடைக்கு நாள் இல்லை, பொம்மையெல்லாம் வேண்டாம், நேரே கம்பியைக் கட்டும்வே என்று சொன்னதில் என் குரலும் உண்டு. மூன்றாவது மழைக்காலத்தில் அரிவாள் ஓங்கிய கை தோளில் விரிசல் விட்டு, ஒரு ராத்திரி அப்படியே கீழே வந்துவிட்டது. நல்லவேளை, அடியில் யாரும் படுத்திருக்கவில்லை.

உடைந்த இடத்தில் பார்த்தால், கைக்குப் போன கம்பி தோளோடு நின்றிருக்கிறது, உடம்புக்குள் இறங்கிப் பீடத்துக் கம்பியோடு சேரவே இல்லை. கம்பியை மூடுகிற சிமெண்டு (கவர் என்பார்கள்) அரை இஞ்சுகூடக் கிடையாது. ஈரம் உள்ளே போனால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், பருத்தால் சிமெண்டைப் பிளக்காமல் விடாது. ஒரு அடிப் பொம்மையில் கை மெல்லிய கம்பியிலேயே நிற்குமே என்று கேட்கலாம். நிற்கும். ஆனால் உயரம் 12 மடங்கானால் எடை 1,728 மடங்கு, அதே விகிதத்தில் தடித்த கம்பியின் வெட்டுப்பரப்போ 144 மடங்குதான். அதனால் ஓங்கிய கைக்குக் கம்பி எங்கிருந்து எங்கே போகவேண்டும் என்பதைப் பொம்மையை வைத்துக்கொண்டுதான் பேசவேண்டும், கை முக்கால் உயரத்தில் நின்றால் போதுமா, இடது காலில் பாரம் விழுகிறதா என்பதெல்லாம் அதில் அரை மணி நேரத்தில் கம்பியை வளைத்து மாற்றிவிடலாம். சிமெண்டு பூசிய பிறகு யார் மாற்றுவது?

சூளையில் சுடுகிற மண் குதிரைக்கு இந்தக் கம்பி ஆகாது, அது வேறு கதை. மண் காயும்போது சுருங்கும், உள்ளே இருக்கிற கம்பி சுருங்காது, குதிரை வெடித்துவிடும். அதனால்தான் அதை உள்ளே வெற்றிடமாக விட்டுக் காலிலிருந்து மேலே வளர்க்கிறார்கள்.

அமெரிக்காவின் சுதந்திர தேவியே தப்பவில்லை பாருங்கள். சிற்பி பார்த்தோல்டி சின்ன மாதிரியில் தொடங்கிப் படிப்படியாகப் பெருக்கி, உள்கூட்டைப் பாரிஸ் கோபுரத்து ஈஃபெல் வடிவமைத்து, 1886-ல் திறந்த சிலை அது. செம்புத் தகட்டைத் தாங்கிய இரும்புப் பட்டைகள் துருப்பிடிக்க, 1980-களில் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினார்கள். அவர்களிடம் பணம் இருந்தது. எங்களிடம் இன்னும் ஒரு வரி பிரிக்கத் தெம்பு இல்லை.

சரி, இந்தத் தடவை வேறு ஆளைப் பிடித்திருக்கிறோம். அவர் செய்த களிமண் மாடன் பத்து நாளாக எங்கள் வீட்டுத் திண்ணையில் ஈரச்சாக்கு போர்த்தி நிற்கிறார். போகிற வருகிற பெரியவர்கள் ஆளுக்கொரு குறை சொல்கிறார்கள். மீசை மட்டும் இரண்டு தடவை மாறிவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை