முருகனுக்கு நீச்சல் தெரியுமா?

ஏட்டி சேட்டைக்காரி,

நீ இப்போது எழுத்துக்கூட்டி வாசிக்கிறாய். ரயில் ஸ்டேஷனில் 'திருநெல்வேலி சந்திப்பு' என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "சந்திப்புன்னா யாரு யாரச் சந்திக்காவ?" என்று பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாய். இன்னும் இரண்டு வருஷத்தில் இந்தக் கடிதத்தை நீயே படித்துவிடுவாய். படித்த கையோடு கேள்வியும் கேட்பாய். கேள்.

போன வாரம் உன் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். "நல்லாப் படிக்கா. வாய்தான் கொஞ்சம் கூட. பொம்பளப் பிள்ளைல்லா, நீங்கதான் சொல்லி வைக்கணும்" என்றார் டீச்சர். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. உன்னைப் போல நாற்பதைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை மேய்ப்பது லேசான காரியமா? நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் என் பழைய ரேங்க் கார்டுதான் ஞாபகத்தில் ஓடியது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்து வரை, 'நடத்தை' என்ற கட்டத்தில் எனக்கு ஒரே சொல்தான்: அமைதியானவள். ஆச்சி அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவாள். கணக்கில் வாங்கிய மார்க்கைக்கூட அப்படிக் காட்டியதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு வெள்ளம்தான் முதலில் ஞாபகம் வருகிறது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. உனக்கு ஐந்து வயசு. விடிய விடிய விடாத மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது என்று பிறகுதான் படித்தோம். அன்றைக்கு நமக்குக் கரண்டும் இல்லை, போன் டவரும் இல்லை. தெரு முக்கில் தண்ணீர் எந்த வீட்டுப் படி வரைக்கும் ஏறியிருக்கிறது என்பது மட்டும்தான் செய்தி. மறுநாள் யாரோ வந்து, "குறுக்குத்துறைக் கோயில் முங்கிட்டு" என்றார்கள். பெரியவர்கள் யாரும் அதிரவில்லை. ஆற்றுக்குள்ளேயே கட்டிய கோயில் அது. தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் முங்கும். அதற்கு முன்னால் உற்சவரை மேலக் கோயிலுக்குத் தூக்கிவிடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் சகதியைக் கழுவி விளக்கேற்றி மறுபடி பூஜை. காலங்காலமாக நடப்பதுதான்.

நீதான் விடவில்லை. "முருகனுக்கு நீச்சல் தெரியுமா?"

"சாமிக்கு எதுக்குட்டி நீச்சல்?" என்றாள் ஆச்சி.

"அப்போ எதுக்குத் தூக்கிட்டுப் போறாவ?"

ஆச்சி வாயை மூடிக்கொண்டாள். இந்த வீட்டில் அது தினமும் நடக்கிற விஷயம் இல்லை. நீ அடுத்து என் பக்கம் திரும்பினாய். "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீ ஆத்துப் பக்கத்துலதான பொறந்த?"

அதற்கு நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையை இப்போது சொல்கிறேன். நம் வீட்டிலிருந்து ஆற்றுக்குப் பதினைந்து நிமிஷ நடை. உன் மாமா எட்டு வயசிலேயே அக்கரை போய்த் திரும்பி வருவான். நானும் பத்து வயசு வரைக்கும் படித்துறையில் கால் அடித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் ஒருநாள் கையில் ஒரு செம்பைக் கொடுத்தார்கள். மேல் படியில் நின்று மொண்டு ஊற்றிக்கொள், துணியை அலசு, வீட்டுக்கு வா. ஏன் என்று நான் கேட்கவில்லை. அமைதியானவள் அல்லவா? பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு சேர்கிற ஆறு என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்த தாமிரபரணி முழங்கால் ஆழம்தான்.

அடுத்தது, நான் உன்னை அடித்த நாள். நீ மறந்திருந்தாலும் நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

2024 ஜூன் 21, நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம். அந்த வருஷம் சுவாமி தேரின் வடம் தடவைக்கு மேல் தடவை அறுந்தது. நம் ஊர்த் தேரை மனுஷக் கைதான் இழுக்க வேண்டும். வடம் இல்லாவிட்டால் நின்ற இடத்தில் நிற்கும். சனம் முழுக்க வெயிலில் காத்துக் கிடந்தது. நான் மோர் வாங்கப் பர்ஸைத் திறந்த நேரம், நீ கையை உருவிக்கொண்டு போய்விட்டாய்.

ஆறு நிமிஷமோ ஏழு நிமிஷமோ. அந்தக் கூட்டத்தில் நான் யார் காலையெல்லாம் மிதித்தேன் என்று தெரியாது. கடைசியில், அம்பாள் தேர் வடத்தில், முன்னப்பின்னத் தெரியாத இரண்டு ஆச்சிகளுக்கு நடுவில் நீ நின்றாய். உன் கை அந்த வடத்தில் பாதியைக்கூடச் சுற்றாது. அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாய். பள்ளிக்கூட விழாவுக்கு வாங்கிய மஞ்சள் கவுன் முழுக்க அழுக்கு. வாய் திறந்தபடி 'நெல்லையப்பா, நெல்லையப்பா' என்று ஒரே கத்தல். அந்த ஆச்சிகள் உன் சத்தத்துக்குத்தான் பதில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

உன்னைப் பார்த்ததும் வாரி எடுத்துக் கட்டிக்கொண்டேன். அடிக்கவில்லை. அதை நீ கவனிக்க வேண்டும். முதலில் நான் அடிக்கவில்லை. அப்போது பக்கத்தில் வந்து சேர்ந்த சொந்தக்கார அத்தை ஒருத்தி, "பொட்டப் பிள்ளைய இப்படியா அவுத்து விடுவாவ?" என்றாள். அதற்குப் பிறகுதான் என் கை எழுந்தது.

தொலைந்து போனதற்காக அடித்திருந்தால்கூட ஒரு நியாயம் சொல்லலாம். பயத்தில் கை நீளாத அம்மா உண்டா? ஆனால் பயம் அதற்குள் போய்விட்டிருந்தது. அடி வாங்கியதும் நீ அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. நேராக அந்த அத்தையைப் பார்த்தாய். அடித்தது யார் என்று உனக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

அந்தப் பார்வை ரொம்ப நாள் என்னைத் தூங்கவிடவில்லை. பிறகு ஒரு காரியம் செய்தேன். அடுப்படியில் தொங்குகிற தினசரிக் காலண்டரின் கிழித்த தாள்களை எடுத்து வைத்து, உன்னை அதட்டும்போதெல்லாம் பின்பக்கம் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் வேறு ஆள் இருந்தால் கோட்டின் மேல் ஒரு புள்ளி. ஒரு வாரத்தில் 31 கோடு. அதில் 22க்குப் புள்ளி இருந்தது. நீ தட்டில் தாளம் போட்டுப் பாடினால் நான் தோசை சுட்டுக்கொண்டே சிரிக்கிறேன். அதே பாட்டு, அதே தட்டு. வாசலில் மாடி வீட்டு மதினியின் செருப்புச் சத்தம் கேட்டால், "ஏ, சத்தம் போடாத" என்கிறேன். மதினி பாவம், அவள் உன்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் சொல்லிவிடுவாளோ என்று நானே முந்திக்கொண்டு சொன்னதுதான் எல்லாம்.

உன் அப்பாவிடம் இதைச் சொன்னேன். "இதுக்குப் போய்க் கோடெல்லாம் போடுவியா?" என்று சிரித்தார். அவருக்கென்ன. உன் வளர்ப்பு சரியில்லை என்று அவர் முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை.

இதை வைத்து என்னை மடக்கலாம் என்று நினைக்காதே. புள்ளி இல்லாத ஒன்பது கோடும் நியாயமான கோடுதான். எதிர்வீட்டுப் பையன் முன்பல்லைப் பரீட்சை அட்டையால் பேர்த்தாயே, அது. டிபனைக் காக்காய்க்குப் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன் என்றாயே, அது. ரத வீதியில் ஷேர் ஆட்டோவுக்குக் குறுக்கே ஓடியது. அதற்கெல்லாம் இனியும் கோடு விழும்.

போன மே மாதம் உனக்கு நீச்சல் பழக்க முடிவு பண்ணினோம். குறுக்குத்துறையில் இறக்க எனக்கு மனசு வரவில்லை. ஊர்ச் சாக்கடை ஆற்றில் கலப்பதைப் பற்றி மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரைக்கும் வழக்குப் போயிருக்கிறது. நம் மூக்குக்கு அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் செங்கோட்டை ரயிலைப் பிடித்துக் கல்லிடைக்குறிச்சிப் பெரிய ஆச்சி வீட்டுக்குப் போனோம். மாமா சமையல் எண்ணெய் வாங்கின அஞ்சு லிட்டர் கேனைக் காலி செய்து, மூடியை இறுக்கி, பழைய வேட்டித் துணியால் உன் முதுகில் கட்டினான். முதல் நாள் நீ குடித்த தண்ணீருக்கு மத்தியானம் சோறே இறங்கவில்லை. மூணாம் நாள், தாடையைத் தாங்கியிருந்த மாமாவின் கையைக் கடித்தே விட்டாய், "விடு, நானே போறேன்" என்று. ஒன்பதாம் நாள் கேன் கரையில் கிடந்தது. நீ நடு ஆற்றுப் பாறையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாய். ஒவ்வொரு கை வீச்சுக்கும் ஒரு கத்தல். ஆற்றிலும் நீ வாயை மூடவில்லை.

ஆச்சி என் பக்கத்தில் படியில் உட்கார்ந்திருந்தாள். "பாத்துட்டி, பாத்து" என்றுதான் சொன்னாளே தவிர, "வேண்டாம்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எனக்குச் செம்பைக் கொடுத்த அதே ஆச்சி. ஒரு நிமிஷம் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அவள் மேல் இல்லை, உன் மேல்தான். பெற்ற பிள்ளை மேல் பொறாமையா என்றால், ஆமாம்.

கரையேறாமல் தண்ணீருக்குள் நின்றுகொண்டே, "நீயும் எறங்கு" என்றாய். மாத்துப் புடவை இல்லை, துண்டு நனைந்துவிட்டது, நாலு பேர் பார்ப்பார்கள் என்று அடுக்கினேன். "யாரு பாக்கா?" என்றாய். நிமிர்ந்து பார்த்தேன். அக்கரையில் ஒரு தாத்தா எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அவரும் எருமையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது சனிக்கிழமை ராத்திரி. தெரு முக்கு ஹோட்டலில் சொல்லி வைத்துப் பத்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்று வாங்கியிருக்கிறேன். பிசுக்குப் போகச் சீயக்காய் போட்டு மூன்று தடவை கழுவியாயிற்று. மாமாவிடம் போனில் சொன்னதற்கு, முதலில் சிரித்தான், அப்புறம் வேட்டித் துணி ரெண்டாக் கிழிக்கணும் என்றான். காலையில் ரயில். பழைய சுடிதார் எடுத்து வைத்துவிட்டேன். கேனின் மூடியைத்தான் காணவில்லை. மத்தியானம் நீ அதைத் திண்ணையில் பம்பரம் மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எழுந்ததும் உன்னைத்தான் கேட்க வேண்டும்.

அம்மா