ஞாயிறு ஏரிக்குப் போகிறோம்: வருபவர்கள் படித்துவிடுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு காலை 6 மணிக்கு ஏரியின் வாகன நிறுத்தத்தில் கூடுகிறோம். இவ்வளவு சீக்கிரமா என்று முணுமுணுக்க வேண்டாம். வெயில் ஏற ஏறக் காற்றும் எழும். அந்த அலையில் துடுப்புப் படகைக் கரைக்குத் திருப்புவது புதியவர்களுக்குப் பெரும்பாடு.

படகில் ஏறும் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம், நீச்சல் தெரிந்தவர்களுக்கும்தான். சுற்றிலும் காடு என்பதால் விழுந்த கிளைகள் தண்ணீருக்கடியில் கிடக்கும். கரையோரச் சேற்றில் கால் புதையும். மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் ஆழத்தில் சில்லென்று இருக்கும். திடீர்க் குளிரில் மூச்சு வாங்கும். அதனால் தலைகீழாகக் குதிக்கும் சாகசம் வேண்டவே வேண்டாம்.

இடி கேட்டால் உடனே கரைக்கு வந்துவிடுங்கள். மரத்தடியில் ஒதுங்காமல் காருக்குள் உட்காருங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி தண்ணீரில் இறங்கலாம்.

காட்டுப் பாதையில் நடப்பவர்களுக்கு முழுக்கால் சட்டை நல்லது, உண்ணி ஏறும். அப்புறம், புளூடூத் ஸ்பீக்கர் வீட்டிலேயே இருக்கட்டும். பறவை பார்க்க வருபவர்கள் சாபம் விடுவார்கள்!

குழந்தைகளுடன் வருபவர்கள் சனி இரவுக்குள் அவர்கள் எடையைச் சொல்லுங்கள். சரியான அளவு ஜாக்கெட் எடுத்துவைக்க வேண்டும்.