செயலாளரின் ஆண்டறிக்கை: பணியிடத்தில் மது, போதைப்பொருள் குறித்த ஊழியர் கல்வி

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தொழிற்சங்கப் பிரதிநிதிகளே, உறுப்பு நிறுவனங்களின் மனிதவள அலுவலர்களே, பாதுகாப்பு அலுவலர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மது, போதைப்பொருள் பயன்பாடு பற்றி ஊழியர்களுக்குக் கற்பிக்கும் பணியைச் சென்ற பொதுக்குழு நம் சங்கத்திடம் ஒப்படைத்தது. இந்த ஆண்டின் உழைப்பில் பெரும்பகுதி அதற்கே சென்றது. அறிக்கையும் அதைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

செயற்குழு முதல் கூட்டத்திலேயே ஒரு வரிசையை முடிவு செய்தது. உதவிக்கான வழி முதலில், மேற்பார்வையாளர் பயிற்சி அடுத்து, ஊழியர் வகுப்பு கடைசியில். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. ஒரு டாக்டரை அழைத்து வந்து, கெட்டுப்போன கல்லீரலின் படத்தைக் காட்டி, உறுதிமொழி எடுக்கவைத்து, போட்டோ பிடித்து முடித்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சு மனதில் தைத்து, "எனக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது" என்று ஒருவர் அன்று மாலையே வந்து நின்றால் அவரை யாரிடம் அனுப்புவது? அவர் சொன்னது யார் யார் காதுக்குப் போகும்? வேலை நிலைக்குமா? இதற்கெல்லாம் விடை தயாராக இல்லாத இடத்தில் வகுப்பு நடத்துவது அவரைக் காட்டிக்கொடுப்பதற்குச் சமம். முதலில் வந்தவர் மாட்டிக்கொண்டால், இரண்டாவது ஆள் வரவே மாட்டார்.

எழுத்து வடிவிலான கொள்கை

உறுப்பு நிறுவனங்களுக்கு ஒரு மாதிரிக் கொள்கை தயாரித்தோம். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996-ல் வெளியிட்ட நடைமுறை விதிகளே இதற்கு அடிப்படை. மது, போதைப் பிரச்சினையை மற்ற உடல்நலப் பிரச்சினைகளைப் போலவே கையாள வேண்டும், கொள்கையை நிர்வாகமும் தொழிலாளர்களும் சேர்ந்து வகுக்க வேண்டும், மருத்துவத் தகவல் ரகசியமாக இருக்க வேண்டும் என்பவை அதன் சாரம்.

மாதிரிக் கொள்கை இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்தோம். அதற்கு மேல் நீண்டால் யாரும் படிப்பதில்லை. விதி யாருக்குப் பொருந்தும், எப்போது பரிசோதனை நடக்கும், தானாக வந்து சொன்னவருக்கும் பணியில் பிடிபட்டவருக்கும் என்ன வேறுபாடு, தகவல் யாரிடம் இருக்கும் என்பது மட்டும் அதில் இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சி பெறும் தொழிலாளர், மேலாளர் எல்லோருக்கும் ஒரே விதி. மதிய விருந்தில் வாடிக்கையாளருடன் குடித்துவிட்டு இருக்கைக்குத் திரும்பும் மேலாளரைக் கண்டுகொள்ளாமல், இயந்திரத்தில் நிற்பவரை மட்டும் ஊதச் சொன்னால் அந்தக் கொள்கையைத் தொழிலாளர்கள் ஒரு வாரம்கூட மதிக்க மாட்டார்கள்.

மேற்பார்வையாளர் பயிற்சி

எங்கள் கணிப்பில் இந்த ஆண்டின் முக்கியமான பணி இதுதான். மேற்பார்வையாளர் நோயைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். "குடித்திருந்தார்" என்று எழுதுவது முடிவு; அதை எழுத அவருக்குத் தகுதியில்லை. "காலை 9.10. ஃபோர்க்லிஃப்டைத் திருப்பும்போது இரண்டு முறை ரேக்கில் இடித்தார். கேட்டதற்குப் பேச்சு குழறியது. கண் சிவந்திருந்தது. ஸ்டோர் கீப்பரும் பார்த்தார்." இப்படி எழுதினால் அது குறிப்பு. பயிற்சியின் முதல் பாதி நாள் முழுவதும் இந்த ஒன்றையே திரும்பத் திரும்ப எழுதவைத்தோம்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. ரத்தத்தில் சர்க்கரை திடீரென இறங்கினால் ஆள் தள்ளாடுவார், வியர்ப்பார், எரிந்து விழுவார், பேச்சு குழறும். பக்கவாதம் தொடங்கும்போதும், தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கசியும்போதும் இதே தோற்றம்தான். சர்க்கரை நோய் முற்றி ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்தால் மூச்சிலேயே ஒரு வாடை வரும். அதைச் சாராய வாடை என்று நினைப்பவர்கள் உண்டு. ஆகவே சந்தேகம் வந்தவுடன் முதலில் போக வேண்டிய இடம் முதலுதவி அறை. விசாரணை அதற்குப் பிறகுதான்.

பேசும் முறையையும் நடித்துப் பழகினோம். பொது இடத்தில் பேசக் கூடாது. தனி அறை, இன்னொரு மேற்பார்வையாளர் உடனிருக்க வேண்டும். "என்ன, ராத்திரி ஓவரா?" என்று சிரித்துக்கொண்டே தொடங்குவதும் தவறு, "குடிச்சிருக்கியா?" என்று மிரட்டுவதும் தவறு. முதலாவது பிரச்சினையைச் சின்னதாக்கும், இரண்டாவதற்கு "இல்லை" என்பதைத் தவிர வேறு பதில் வராது. "காலையில வண்டி ரெண்டு தடவை ரேக்கில இடிச்சது. உங்க உடம்பு சரியில்லைன்னு தோணுது. இப்போதைக்கு வண்டியை நிறுத்திட்டு வாங்க, முதலுதவி அறையில பார்த்துடலாம்." இந்த அளவு போதும்.

அதன் பின் வரும் இரண்டு தவறுகள் உயிரை எடுக்கக்கூடியவை. போதையில் இருப்பவரைத் தன் வண்டியிலேயே வீட்டுக்குப் போகச் சொல்வது ஒன்று. ஓய்வறையில் தனியாகப் படுத்துத் தூங்கட்டும் என்று விடுவது இன்னொன்று. கடைசியாகக் குடித்தது வயிற்றிலிருந்து இன்னும் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கலாம். மல்லாந்து படுத்தவர் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழலில் போய் அடைக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஓர் ஆள் கூடவே இருந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். எழுப்பினால் எழவில்லை, மூச்சு மிக மெதுவாகவோ விட்டு விட்டோ வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் உடனே ஆம்புலன்ஸ்.

இன்னொரு விஷயத்தை மேற்பார்வையாளர்கள் பலர் முதன்முறையாகக் கேட்டதாகச் சொன்னார்கள். நீண்ட நாள் தினமும் அதிகமாகக் குடிப்பவரிடம் "இன்றிலிருந்து தொடாதே, தொட்டால் வேலை இல்லை" என்று சொல்வது ஆபத்து. கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 8 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் குழப்பமும் இல்லாததைக் காண்பதும் சேர்ந்த டெலிரியம் ஏற்படும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். அப்படிப்பட்டவர் மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். காலையில் கை நடுங்குகிறவர் போதையில் இருப்பவராக இல்லாமல், போதை இறங்கிக்கொண்டிருப்பவராகவும் இருக்கலாம். அவரை ஊதவைத்தால் கருவி பூஜ்யம்கூடக் காட்டலாம். கிரைண்டர் முன்னால் அவரை நிறுத்துவது அப்போதும் சரியல்ல.

ஊழியர் வகுப்பு

45 நிமிடம், பணி நேரத்துக்குள், ஒரு குழுவில் 20 பேருக்கு மேல் இல்லை. ஷிப்ட் முடிந்த பிறகு வைத்தால் பஸ்ஸைப் பற்றிய கவலைதான் இருக்கும். பயமுறுத்தும் படங்களை விட்டுவிட்டோம். குடிப்பவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து "நான் அந்த அளவுக்குப் போகவில்லை" என்று ஆறுதல் அடைகிறார்கள்.

வகுப்பு ஓர் அளவு ஜாடியோடு தொடங்கும். ஒரு டம்ளரில் "ஒரு சின்ன அளவு" என்று தோன்றும் தண்ணீரை ஊற்றச் சொல்லி, அதை ஜாடியில் அளந்து காட்டுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஓர் அலகு என்பது 10 கிராம் தூய ஆல்கஹால். 40 சதவீத மதுவில் 30 மி.லி. ஊற்றினாலே ஏறக்குறைய அது வந்துவிடும். 5 சதவீத பீர் 330 மி.லி. என்றால் 13 கிராம். 650 மி.லி. பாட்டில் என்றால் 25 கிராமுக்கும் மேல். "பீர்தானே" என்பவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கும்போது அறை அமைதியாகிவிடும்.

அடுத்து மறுநாள் காலை. ரத்தத்தில் உள்ள ஆல்கஹால் மணிக்குச் சராசரியாக 100 மி.லி.க்கு 15 மி.கி. என்ற அளவில்தான் இறங்கும். நள்ளிரவில் 150 மி.கி. இருந்தவருக்குக் காலை 8 மணிக்கு இன்னும் 30 மி.கி. இருக்கும். தூங்கி எழுந்தார், குளித்தார், காபி குடித்தார், தலை தெளிந்ததாக உணர்கிறார். ஆனால் கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். காபி தூக்கத்தைக் கலைக்கும், ஆல்கஹாலைக் கரைக்காது. ஆளுக்கு ஆள் இந்த வேகம் மாறும் என்பதால், கணக்குப் போட்டுக் குடிக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்கிறோம்.

தூக்கத்தையும் இதோடு சேர்த்தே பேசினோம். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி. ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997-ல் வந்த ஆய்வு காட்டியது. இரட்டை ஷிப்ட் போடவைத்துவிட்டு, விழித்திருக்க ஊக்க மாத்திரை போடுகிறார்கள் என்று புலம்புவதில் நியாயமில்லை. நிர்வாகப் பிரதிநிதிகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மருந்து மாத்திரைகளுக்கும் நேரம் ஒதுக்கினோம். குளோர்பெனிரமின் போன்ற பழைய வகை அலர்ஜி, சளி மாத்திரைகள், பதற்றத்துக்குத் தரும் டயஸிபாம், அல்பிரஸோலாம், வலி மாத்திரையான டிரமடால், கோடீன் கலந்த இருமல் சிரப் எல்லாமே கவனத்தை மந்தமாக்கும். டயஸிபாம் உடம்பை விட்டுப் போக நாள்கணக்கில் ஆகும். இவற்றோடு மதுவும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடும் அபாயம் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்தது என்பதால் அது இயந்திரம் ஓட்டப் பாதுகாப்பானது என்று ஆகாது. "நான் பிரஸ்ஸில் வேலை செய்கிறேன், இரவு ஷிப்ட்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். நோயின் பெயரை மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டியதில்லை, "இரண்டு நாள் இயந்திரம் வேண்டாம்" என்ற மருத்துவக் குறிப்பு போதும்.

வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் ஆடிட் எனப்படும் பத்துக் கேள்வித் தாள். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கியது. மதிப்பெண் 0 முதல் 40 வரை. 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடிக்கும் முறையில் ஆபத்து இருக்கிறது என்று பொருள். தாளை நாங்கள் வாங்குவதில்லை. பெயரும் எழுதச் சொல்வதில்லை. வாங்கினால் எல்லோருக்கும் ஒன்றோ இரண்டோதான் வரும். மதிப்பெண்ணைத் தான் மட்டும் பார்த்து, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகட்டும். அதன் பின்புறத்தில் யாரை அணுகலாம் என்று அச்சிட்டிருக்கிறோம்: நிறுவன மருத்துவர், பயிற்சி பெற்ற சக தொழிலாளர், வெளியிலிருந்து வரும் ஆலோசகர். நிறுவனத்துக்குள் இருப்பவரிடம் சொல்லத் தயங்குவோருக்கு அந்த மூன்றாவது வழி கட்டாயம் வேண்டும்.

சக தொழிலாளர்கள் மறைத்துக் காப்பாற்றுவது பற்றிய விவாதம்தான் ஒவ்வொரு வகுப்பிலும் சூடாக நடந்தது. தாமதமாக வருபவருக்கு அட்டை போட்டுக் கொடுப்பது, அவர் வேலையையும் சேர்த்துச் செய்வது, "காய்ச்சல்" என்று சொல்லிவிடுவது. நட்பில்தான் செய்கிறார்கள். ஆனால் உதவி கேட்க வேண்டிய நாள் அதனால் தள்ளிக்கொண்டே போகிறது. போட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை; கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறோம்.

பரிசோதனை

பரிசோதனை கல்விக்கு மாற்று இல்லை. செய்வதென்றால் சரியாகச் செய்ய வேண்டும். ஊதும் கருவிக்கு முன் 15 நிமிடக் காத்திருப்பு, அந்த நேரத்தில் வாய்க்குள் எதுவும் போகக் கூடாது. மவுத்வாஷில் இருக்கும் ஆல்கஹால் வாயில் தங்கி ரீடிங்கை ஏற்றும். பரிசோதிப்பவர் கையில் சானிடைசர் ஈரம் காயாமல் கருவியைப் பிடித்தாலும் அளவு தவறலாம். ஒவ்வொருவருக்கும் புது மவுத்பீஸ். தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியில் கேலிபரேஷன் (கருவியின் அளவைச் சரிபார்ப்பது), அதன் பதிவேடு. முதல் ரீடிங்கில் ஆல்கஹால் காட்டினால் 15 நிமிடம் கழித்து இரண்டாவது முறை.

சிறுநீர்ப் பரிசோதனையை அவசரப்பட்டு நம்பிவிடக் கூடாது. ஸ்ட்ரிப் காட்டுவது சந்தேகம் மட்டுமே. ஆய்வகத்தில் ஜிசி-எம்எஸ் முறையில் (பொருளைத் துல்லியமாக அடையாளம் காணும் கருவிச் சோதனை) உறுதி செய்யும் வரை நடவடிக்கை கூடாது. கசகசா சாப்பிட்டவருக்கு மார்ஃபின் பாசிட்டிவ் வரலாம். கஞ்சாவை அடிக்கடி பயன்படுத்துபவருக்கு நிறுத்தி வாரக்கணக்கான பின்னும் வரலாம். அது இன்று போதையில் இருக்கிறார் என்பதற்குச் சான்று ஆகாது.

சிகிச்சை முடிந்து திரும்புவோர்

முதல் மூன்று மாதம்தான் மீண்டும் வழுக்கும் வாய்ப்பு அதிகமான காலம். அந்தக் காலத்தில் முடிந்தவரை இரவு ஷிப்ட் வேண்டாம். மருத்துவச் சந்திப்புகளுக்கு அனுமதி வேண்டும். வாரம் ஒருமுறை ஒரே நபர் பேச வேண்டும். மது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்து குடியைத் தடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை எடுப்பவர்களுக்குத் தனிக் கவனம் தேவை. ஆல்கஹால் கலந்த துடைப்புத் திரவம், சானிடைசர் ஆவியே சிலருக்கு முகச் சிவப்பு, படபடப்பு, குமட்டலைக் கொண்டுவரும். இந்த மருந்தின் குணமே தொழிற்சாலையில் தெரியவந்ததுதான்: ரப்பர் தொழிலில் இதே குடும்பத்து ரசாயனத்தோடு வேலை செய்தவர்களுக்கு மது ஒத்துக்கொள்ளாததை 1937-ல் ஒரு தொழிற்சாலை மருத்துவர் பதிவு செய்தார். ஆகவே பணியிடம் ஒதுக்கும்போது அங்கே புழங்கும் ரசாயனங்களின் பட்டியலை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு

வகுப்புக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையை வைத்துப் பலனை அளக்க வேண்டாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. தானாக வந்து உதவி கேட்டவர்கள், நிர்வாகம் அனுப்பியவர்கள் ஆகிய இரண்டு எண்களைப் பெயர் இல்லாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உறுப்பு நிறுவனங்கள் அனுப்ப வேண்டும். முதல் எண் இரண்டாவதைத் தாண்டினால் நம்பிக்கை வளர்கிறது. விடுமுறைக்கு மறுநாள் வருகையின்மை, நூலிழையில் தப்பிய விபத்துகளின் பதிவு ஆகியவையும் வேண்டும். தப்பிய விபத்துகளின் எண்ணிக்கை தொடக்கத்தில் கூடினால் யாரும் பதற வேண்டாம். இதுவரை மறைத்தவற்றை இப்போது சொல்கிறார்கள்.

ஜூன் 26, போதைப்பொருள் ஒழிப்பு நாளில் பேரணிக்குப் பதிலாக, புதிதாகப் பதவி உயர்ந்த மேற்பார்வையாளர்களுக்கான பயிற்சியை நடத்த உத்தேசித்திருக்கிறோம். ஊழியர் வகுப்பை ஆண்டுக்கு ஒருமுறையுடன் நிறுத்தாமல், ஷிப்ட் தொடக்கத்தில் ஐந்து நிமிடப் பேச்சாக மாதம் ஒரு தலைப்பில் தொடரவும், குடும்பத்தினருக்குத் தனிச் சந்திப்பு நடத்தவும் பொதுக்குழுவின் அனுமதியைக் கோருகிறேன்.

முதலுதவிப் பயிற்சி, தீயணைப்பு ஒத்திகை, நூலகப் பணி ஆகியவை வழக்கம்போல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் விவாதத்துக்கும் ஒப்புதலுக்கும் முன்வைக்கிறேன்.

செயலாளர்